எத்தனை டிகிரி மடங்குகிறது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். போய் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் யாரு? மொத்தம் எவ்வளவு ஆச்சு? இன்ஷூரன்ஸ்காரன் முழுசா குடுத்தானா?" காபி வரும். குடித்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க, காலை அலட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. சொல்லக்கூடாத யோசனையை மட்டும் தவறாமல் சொல்லிவிடுகிறோம்.

கேட்க வேண்டியது இதுதான்: "கால் எத்தனை டிகிரி மடங்குகிறது? முழுக்க நீட்ட வருகிறதா?"

நான் டாக்டர் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பெங்களூர்க் கோட்டத்தில் ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் முழங்காலுக்கு ஓய்வே கிடையாது. லைன் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஜல்லியில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ரெயிலின் மேல் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். எழுந்து நாலு ரெயில் தூரம் நடந்து, மறுபடி குந்த வேண்டும். இப்படி எத்தனை ஆயிரம் முறை உட்கார்ந்து எழுந்திருப்பேனோ, கணக்கில்லை. 2022-இல் இடது முழங்காலை மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு நம் சங்கத்து அன்பர்கள் பலர், தங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ இந்த ஆபரேஷன் என்றால் என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. அவரவர் டாக்டர் சொல்வதுதான் முடிவு. நான் எழுதுவது, அவர் சொன்னதை வீட்டில் செய்து முடிப்பதற்கு ஒரு துணை.

மாறியது எது, மாறாதது எது

"மூட்டு மாற்று" என்ற பெயரே நம்மைத் தவறாக நினைக்க வைக்கிறது. பழைய கீலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கீல் மாட்டுவதுபோல் தோன்றும். நடப்பது அதுவல்ல. தொடை எலும்பின் அடி முனையில் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல் ஓர் உலோகத் தொப்பி போடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் மேல் முனையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில், பழைய குருத்தெலும்பின் இடத்தில், பாலிஎதிலீன் என்ற கெட்டி பிளாஸ்டிக். சிலருக்கு முட்டிச் சில்லின் பின்பக்கமும் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள். அவ்வளவுதான். தொடைத் தசை, பக்கவாட்டுத் தசைநார்கள், மூட்டைச் சுற்றியுள்ள உறை, தோல் எல்லாம் நம்முடைய பழைய சரக்குதான்.

ஆகவே புது உலோகம் மடங்குவதற்கு என்றைக்கும் தயார். தடுப்பது அதைச் சுற்றியிருக்கும் சதையும் உறையும். மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் மடக்கிப் பார்த்தால் 120 டிகிரி வரை அழகாக வரும். மறுநாள் கண் விழித்து நாம் மடக்கினால் 50 டிகிரிக்கே உயிர் போகிறது. நடுவில் உலோகம் மாறவில்லை. வீக்கமும் வலியும் வந்து சேர்ந்திருக்கின்றன. வெட்டுப்பட்ட இடத்தை ஆற்றுவதற்காக உடம்பு வடுத் திசுவை உண்டாக்குகிறது. அது நல்லதற்காக வருவது. ஆனால் முதல் சில வாரங்களில் மிருதுவாக இருக்கும் அந்தத் திசு, மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால், இருக்கும் அளவுக்கே சுருங்கி, தடித்து, பசை போட்டு ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

எங்கள் லைனில் இதற்கு அச்சு அசலான உதாரணம் உண்டு. இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில், வெயிலுக்கு நீள்வதற்காகச் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரு பக்கமும் ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட் முடுக்கியிருப்போம். வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள், வெயில் ஏறும் முன்பே அதைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் பூச வேண்டும். பூசாமல் விட்டால் துருவேறி இறுகிவிடும். இடைவெளி கண்ணுக்குத் தெரியும், ரெயில் மட்டும் நகராது. 'ஃப்ரோஸன் ஜாயின்ட்' என்போம். கோடையில் நீள இடமில்லாமல் லைனே பாம்புபோல் வளைந்துவிடும். ரெயிலிலும் குற்றமில்லை, பிளேட்டிலும் குற்றமில்லை. இப்போது நீளமாகப் பற்றவைத்த ரெயில்கள் வந்துவிட்டதால் இந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் எனக்கு பிசியோதெரபிஸ்ட் வடுத் திசுவைப் பற்றி விளக்கியபோது, மனத்தில் வந்தது அந்தத் துருப்பிடித்த பிளேட்தான்.

செயற்கை முழங்கால் இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1890-இலேயே பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் க்ளுக் என்ற சர்ஜன் தந்தத்தில் கீல் செய்து பொருத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. இன்று போடுகிற மாதிரிக்குத் தாய், 1974-இல் நியூயார்க்கில் உருவான 'டோட்டல் கான்டிலர்' என்ற மூட்டு. அதை உருவாக்கிய மூவரில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத் இருவரும் சர்ஜன்கள். மூன்றாமவர் பீட்டர் வாக்கர் ஓர் எஞ்ஜினீயர். இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பெருமையாக இருப்பதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்த ரணாவத் நம் நாட்டில் பிறந்தவர். 2000 அக்டோபர் 10-ஆம் தேதி மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர்களின் இடது முழங்காலை மாற்றியவர் அவர்தான். எட்டு மாதம் கழித்து, 2001 ஜூன் 7-ஆம் தேதி, வலது காலையும் அவரே மாற்றினார். நம்மில் பலர் 'நீ ரீப்ளேஸ்மென்ட்' என்ற சொல்லையே அப்போதுதான் முதலில் கேள்விப்பட்டோம். "வயசானா முட்டி வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பல பெரியவர்கள், பிரதமரே செய்துகொண்டார் என்றதும் டாக்டரிடம் போனார்கள். அரசியல் இருக்கட்டும், தேதியை மட்டும் பாருங்கள். ஜூன் 7-இல் ஆபரேஷன். ஜூலை 14-ஆம் தேதி பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் டெல்லி வந்திறங்கினார். அடுத்து ஆக்ராப் பேச்சு. 76 வயதுக்காரர் 37 நாளில், நின்று வரவேற்கவும் நடந்து போகவும் வேண்டிய வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் நடை அதன் பிறகும் மெதுவாகத்தான் இருந்தது, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் முதல் ஐந்தாறு வாரம் எவ்வளவு முக்கியமான காலம் என்பதற்கு இதைவிட எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதற்கு எத்தனை டிகிரி

காலை முழுக்க நீட்டியிருந்தால் 0. நாற்காலியில் செங்கோணமாக உட்கார்ந்தால் 90. குதிகால் பிருஷ்டத்தைத் தொட்டால் 150-க்கு மேல். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 டிகிரி போதும். மாடிப்படி ஏற 85 வேண்டும். இறங்க 90, சிலருக்கு 100. ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிகம் மடங்க வேண்டும் என்பது பலருக்கும் ஆச்சரியம். மேல்படியில் நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே உடம்பைக் கீழே இறக்குகிறது என்று யோசித்தால் விளங்கும். சாதாரண நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 95 முதல் 105. உட்கார்ந்தபடி ஷூ லேஸ் கட்ட அதற்கும் சற்று மேல். இப்போது எல்லா வீட்டிலும் வாங்கிப் போட்டிருக்கும் தாழ்ந்த சோபாவிலிருந்து எழ 110-க்கு மேல். சம்மணம் போட 120-க்கு மேல், குந்தி உட்கார 130-க்கு மேல்.

அதாவது 90-க்கும் 110-க்கும் நடுவில் இருக்கும் அந்த 20 டிகிரிதான், மனிதன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வதற்கும், பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு ஒரு வருடம் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டார். ஆபரேஷன் குறையில்லாமல் நடந்தது. எக்ஸ்ரே பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து பயிற்சி செய்யும்போது அவர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி அழுதுவிட்டார். மகள் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பாவைப் படுத்தாதீங்கம்மா, ஒரு மாசம் போகட்டும்" என்றாள். பிசியோதெரபிஸ்டை நிறுத்திவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. நான்கு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனபோது 75 டிகிரி. அதற்குப் பிறகு எவ்வளவோ முயன்றும் 80-ஐத் தாண்டவில்லை. இன்று வலி இல்லை, சமதரையில் நன்றாக நடக்கிறார். ஆனால் ஆட்டோவில் ஏற வேண்டுமானால் காலை நீட்டிக்கொண்டு குறுக்காக உட்கார வேண்டும். படி இறங்கும்போது குழந்தைபோல் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறார். நாடகம், கச்சேரி என்றால் வரிசையின் ஓரத்து நாற்காலி கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்பார். கிடைக்காது என்றால் வருவதில்லை. "இரும்பு நல்லாத்தான் இருக்கு சார், கால்தான் வரலை" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

நீட்டுவதை மறக்க வேண்டாம்

எல்லோரும் மடக்குவதைப் பற்றியே பேசுகிறோம். நீட்டுவது அதைவிட முக்கியம் என்று என் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார். முழங்கால் முழுக்க நீண்டால், நிற்கும்போது எலும்பின் மேல் எலும்பு தூண்போல் நின்று பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. தசைக்கு அதிக வேலையில்லை. 10 டிகிரி வளைந்தே நின்றுவிட்டால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் நின்றால் தொடை கடுக்கும். அந்தக் கால் குட்டையானதுபோல் ஆகி நொண்டல் வரும். பிறகு இடுப்பும் முதுகும் வலிக்கும்.

இதற்கு முதல் எதிரி நம் வீட்டுத் தலையணை. ஆபரேஷன் ஆன காலின் முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். பார்க்க வருகிற அத்தையோ சித்தியோ தாமாகவே ஒன்றைக் கொண்டுவந்து சொருகிவிடுவார்கள். சொருக விடாதீர்கள். தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கி, காலின் கனத்தாலேயே மெல்ல மெல்ல நீளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. அப்படி வைத்திருக்கும்போதே முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தி, தொடையின் முன் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். பார்ப்பவர்களுக்கு நாம் சும்மா படுத்திருப்பதுபோல்தான் தெரியும். செய்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மடக்குவதற்கான பயிற்சிகளில் எளியது, படுத்தபடி குதிகாலைப் படுக்கையிலேயே தேய்த்துப் பிருஷ்டத்தை நோக்கி இழுப்பது. காலில் சாக்ஸ் போட்டு, அடியில் ஒரு பாலித்தீன் கவரை விரித்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். பாதத்தில் துண்டைச் சுற்றி இரு கையாலும் இழுத்து உதவி செய்யலாம். இன்னொன்று நாற்காலிப் பயிற்சி. உட்கார்ந்து, பாதத்தை முடிந்த அளவு பின்னுக்கு இழுத்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் நாற்காலியில் முன்னுக்கு நகர்த்த வேண்டும். நமக்குத் தெரியாமலே ஐந்து டிகிரி கூடிவிடும். அங்கே பத்துப் பதினைந்து விநாடி நிறுத்தி, மூச்சைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல காலைக் குறுக்கே வைத்து ஆபரேஷன் காலைப் பின்னுக்குத் தள்ளுவதும் உண்டு. ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்து மூட்டை வீங்க வைப்பதைவிட, நாளைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம் என்று செய்வது நல்லது.

எனக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஹாசன் பக்கத்துப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. நான் "போதும்மா" என்றால், "இன்னூ ஸ்வல்ப அங்கிள், ஆகத்தெ, ஆகத்தெ" என்பார். அந்த 'ஆகத்தெ' என்ற சொல் இன்றும் என் காதில் கேட்கிறது. வலி இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணிக்கு முன்பு விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். வீங்கின மூட்டு மடங்காது; வீக்கத்தை இறக்குவதே பாதி வேலை. வெந்நீர் ஒத்தடம், தைலம், எண்ணெய் என்று நம் வீட்டு வைத்தியங்களுக்கு ஆரம்ப வாரங்களில் இடமில்லை. காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான்.

ரயில்வேக்காரன் எதையும் ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விடமாட்டான். வளைவு லைனை அளக்க 20 மீட்டர் கயிற்றைப் பிடித்து, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று எழுதி வைப்போம். வருடா வருடம் எழுதியதை வரிசையாகப் பார்த்தால்தான் எங்கே கெடுகிறது என்று தெரியும். அதே வழக்கத்தில் முழங்காலுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். நாற்காலியை ஒரே இடத்தில் போட்டு, குதிகால் எட்டும் இடத்தைத் தரை டைல்ஸில் பென்சிலால் குறிப்பேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோணமானி வைத்து மனைவி அளப்பார். ஆபரேஷனுக்கு முன் 105. நான்காம் நாள் 65. இரண்டாம் வாரம் 80. மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாரங்களில் 85-லேயே நின்றது. அந்த மூன்று வாரம் மனம் சோர்ந்துபோகும். நோட்டை மூடிவிடலாம் என்றுகூடத் தோன்றும். பென்சில் கோடு மட்டும் அரை அங்குலம் பின்னால் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் தொடர்ந்தேன். ஆறாம் வாரம் 94. மூன்றாம் மாதம் 112. ஒரு வருடத்தில் 118. அதோடு நின்றுவிட்டது.

பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் 90, மூன்று மாதத்துக்குள் 110 என்ற கணக்கில் டாக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதன் பிறகும் ஒரு வருடம் வரை சிறிது சிறிதாகக் கூடும். நல்லபடியாக முடிந்தவர்களில் பெரும்பாலோர் 110-க்கும் 120-க்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். என்னைவிட அதிகம் வந்தவர்களும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பு எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே டாக்டர் தேதி குறித்த நாளிலிருந்தே தொடைப் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது. முட்டி வளைந்து இறுகி, 70 டிகிரிகூட மடங்காத நிலை வரும்வரை வருடக்கணக்கில் ஒத்திப்போட்டுவிட்டுப் பிறகு போனால், சர்ஜனுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அதற்காக முட்டி வலித்தவர்கள் எல்லோரும் மாற்றிக்கொள்ள ஓட வேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டு செலவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின். டொராண்டோவில் ராபர்ட் சால்டர் என்ற எலும்பு மருத்துவர் 1970-களில் கொண்டுவந்த யோசனை அது. நம் ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. முழங்கால் மாற்று நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, அதனால் கூடுவது சராசரியாக இரண்டு டிகிரி அளவுதான் என்று சொல்கிறது. அந்த வாடகைக்கு நல்ல பிசியோதெரபிஸ்டைக் கூடப் பத்து நாள் வரச் சொல்லலாம்.

மற்றொன்று, 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டு. ஆசியாக்காரர்கள் தரையில் உட்காருகிறவர்கள், அவர்களுக்கு அதிகம் மடங்கும் மூட்டு என்று சொல்லி விற்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 16-ஆம் தேதி மத்திய அரசு முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது நினைவிருக்கும். அதை அறிவித்த மத்திய அமைச்சர் அனந்த்குமார் அவர்கள் நம் பெங்களூர் தெற்குத் தொகுதியின் எம்.பி.; 2018-இல் மறைந்துவிட்டார். அதற்கு முன் சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டு சராசரி 1,58,000 ரூபாய் விற்றுக்கொண்டிருந்தது. வரி தவிர்த்து 54,720 என்று நிர்ணயித்தார்கள். 1,81,000 ரூபாய்க்கு விற்ற ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490. பிறகு இந்த விலைகள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. அரசு நிர்ணயித்த விலையில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை என்பதை எஞ்ஜினீயர் மூளை கவனிக்காமல் இருக்குமா? இரண்டு வகையையும் போட்டு ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் பலவற்றிலும், மடங்கும் அளவில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எந்த மூட்டு என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். அதிகம் மடங்கும் மூட்டு போட்டிருக்கிறதே என்று பயிற்சியை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஆறு எட்டு வாரத்தில் 90 எட்டவில்லை என்றால் சர்ஜனிடம் போய் வெளிப்படையாகக் கேளுங்கள். மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமல், காலை மெல்ல மடக்கி ஒட்டுகளை விடுவிக்கும் முறை ஒன்று உண்டு. எலும்பு முறிவு போன்ற சிறு அபாயம் அதிலும் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் செய்யமாட்டார்கள். ஆனால் அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தருகிறது. நான் சொன்ன வங்கி நண்பருக்கு அந்தக் கதவு மூடிய பிறகுதான், அப்படி ஒரு கதவு இருந்ததே தெரிய வந்தது.

"மறுபடி தரையில் உட்கார முடியுமா?" இது எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. சிலரால் முடிகிறது. ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் குந்துவதையும் சம்மணத்தையும் வழக்கமாக்க வேண்டாம் என்கிறார்கள். ஆழமாக மடங்கும்போது பிளாஸ்டிக் வில்லையின் பின் விளிம்பில் பாரம் குவிகிறது. எந்த பேரிங்கும் விளிம்பில் பாரம் ஏறினால் சீக்கிரம் தேயும். எழும்போது தடுமாறி விழும் பயமும் இருக்கிறது. நம் வாழ்க்கையே இப்போது பாதி மாறிவிட்டது. கல்யாணப் பந்தி மேஜைக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது. வீட்டில் மேற்கத்திய கழிப்பறை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, குளிக்க ஒரு ஸ்டூல், கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, இந்த நான்கையும் ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். கீழே விழுந்த சாவியை எடுக்கத் தெரிந்துகொண்டால் போதும், கொலுவுக்கு முன் சம்மணம் போடவில்லையே என்று வருந்த வேண்டாம் என்பது என் கருத்து. என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை.

நடைக்கு ஆரம்பத்தில் கப்பன் பார்க் போன்ற சமதரை நல்லது. லால்பாக்கின் பாறை மேட்டை ஆறு மாதத்துக்காவது தூரத்திலிருந்து பார்த்து ரசியுங்கள். படிக்கட்டுப் பயிற்சிக்கு மெட்ரோ நிலையங்கள் வசதி. கைப்பிடி கெட்டியாக இருக்கும், அலுத்துவிட்டால் லிஃப்டில் ஏறிவிடலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் ஓசை அது. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருப்பதும் பலருக்கும் உண்டு.

பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கிக் கடுத்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு காயம் சிவந்து நீர் வடிந்தால், நேற்றுவரை நீட்டித் தூக்க வந்த கால் இன்று தூக்கவே வரவில்லை என்றால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது பிசியோதெரபிஸ்டின் நாளைய வருகைவரை காத்திருக்கும் விஷயமல்ல.

கோணமானி மருந்து சாமான் கடைகளில் பிளாஸ்டிக்கில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. என்னுடையதை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன், அளப்பது எப்படி என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் பெயர் எழுதிவிட்டு மூன்று மாதத்துக்கு எடுத்துச் செல்லலாம்.